ரீகன் நின்ற கட்டம்

எய்யா அமல்,

நீ கடலுக்கடியில் இறங்குகிறவனுக்குக் குழாயில் காற்று அனுப்புகிற கம்ப்ரசர் எஞ்சின் வாங்க இராமேஸ்வரம் பக்கம் போயிருக்கிறாய். சனிக்கிழமை வந்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து புது வள்ளத்தை மந்திரித்துக் கொடுப்பார். திங்கட்கிழமை விடிந்ததும் சங்கு குளிக்கக் கிளம்பிவிடுவீர்கள், நீயும் உன் மச்சினன் ரீகனும். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வாயால் சொல்லியும் பார்த்தேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரிம்மா" என்றாய். உன்னுடைய சரிம்மாவை எனக்குத் தெரியும், அது காது வரைக்கும்கூடப் போகாத சரிம்மா. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்துக் கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. உறை போட்டு ஒட்டப் போவதில்லை. உன் பெண்டாட்டி ஜெனியும் படிக்கட்டும், அவள் தம்பி ரீகனும் படிக்கட்டும், வீட்டுக்கு வருகிற போகிறவர்கள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

உன்னுடைய சிப்பாய் விளையாட்டைப் பற்றித்தான் முதலில் சொல்லப் போகிறேன். சிரிக்காதே. அதன் இங்கிலீஷ் பெயர் என் நாக்கில் நிற்காது, நம் வீட்டில் அது என்றைக்கும் சிப்பாய் விளையாட்டுத்தான். நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது என் தம்பி, உன் மாமன், கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தவன், உள்ளங்கை அளவில் ஒரு மெஷின் கொண்டுவந்து கொடுத்தானே, அதில் வந்ததுதான் முதல் பாகம். அதிலிருந்து இன்று பெரிய டி.வி.யில் ஆடுகிற பாகம் வரைக்கும் ஒன்றையும் நீ விட்டதில்லை. நீ ஆடினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து மீனைக் கழுவிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ பார்த்தேன். தரை முழுக்கக் கட்டம். நம் ஆட்கள் நீலம், எதிரி சிவப்பு. நம் முறை வந்தால் ஒவ்வொரு ஆளாக நகர்த்த வேண்டும், பிறகு கையைக் கட்டிக்கொண்டு எதிரியின் முறையைப் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியாவிட்டாலும் இதைப் புரிந்துகொள்ளலாம். முழங்காலில் ஆபரேஷன் ஆகி நான் வீட்டோடு கிடந்த நாட்களில் நீதானே பொத்தான் பெட்டியை என் கையில் கொடுத்து, "அம்மா, சும்மாதான இருக்க, ஆடு" என்றாய். ஆடினேன். மத்தியானம் சோறு தின்றுவிட்டு ஜெனி வேலையிலிருந்து வரும் வரைக்கும் ஆடுவேன். ஆகையால் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

முதல் பாகம்தான் உத்தமமான பாகம். அதில் செத்தவன் செத்தவன்தான். உன்னிடம் ஒரு கிழட்டுக் குதிரைக்காரன் இருந்தான், ஞாபகம் இருக்கிறதா? ஆட்டம் தொடங்கும்போதே நரைத்த தாடியோடு வருவானே, அவன்தான். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஈட்டிக்காரன் அவனைக் குத்திவிட்டான். அன்றைக்குச் சாளைக் குழம்பு வைத்திருந்தேன், நீ தொடவில்லை. "ஏலே, அது பொம்மதான" என்று கேட்டேன். "பொம்மன்னா பொறவு ஏம்மா அவன் பேரு லிஸ்ட்ல இல்ல?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ எப்படி ஆடினாய் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு ஆளை நகர்த்துவதற்கு முன் அவன் திரும்பி வருவதற்கு இரண்டு வழி இருக்கிறதா என்று பார்ப்பாய். விரலை வைத்துக் கட்டம் கட்டமாகப் பின்னால் எண்ணிக்கொண்டு வருவாய். இந்தப் பயல் அப்பா இல்லாமல் வளர்ந்தவன், அதனால்தான் ஆளை இழக்கப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். அந்தப் பயம் உனக்கு ஆயுசுக்கும் இருக்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு.

இரண்டாம் பாகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ராசாவின் மந்திரி ஒருவன் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு எதிரியை உள்ளே விடுகிறான். பாதி ஆட்டம் போனதும் அதே மந்திரி மண்டியிட்டு அழுகிறான், நம் ஆட்கள் அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். எந்த ஊர் நியாயம் அது? நான் ஆடும்போது அவனுக்கு வாளும் கொடுக்கவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சண்டையிலும் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். ஆட்டம் முடியும் வரைக்கும் அங்கேயே நின்றான். நீ பார்த்துவிட்டு, "அம்மா, அவன்தான் இருக்கதுலயே பலசாலி, அவனப் போயி இப்பிடி வச்சிருக்கியே" என்றாய். இருக்கட்டும். பலசாலி பலசாலியாகவே மூலையில் நிற்கட்டும்.

மூன்றாம் பாகம்தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. அதை உண்டாக்கினவன் எந்தத் தேசத்துக்காரனோ, நம் கடற்கரையில் இரண்டு தலைமுறை வாழ்ந்தவன் மாதிரி உண்டாக்கியிருக்கிறான். அதில் இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தினால் ஒருவனுக்கு விழுகிற அடியை மற்றவன் வாங்கிக்கொள்வான். யாரோடு யார் நிற்கிறார்கள் என்பதுதான் அங்கே கணக்கு. முன்பின் தெரியாதவனைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினால் அவன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு நிற்பான். உறவுக்காரன், கல்யாணம் முடித்தவன், கூடவே வளர்ந்தவன், இவர்கள்தான் குறுக்கே வந்து விழுவார்கள். ஒருவன் செத்தால் தனக்கும் நஷ்டம் என்று இருக்கிறவன்தான் காப்பாற்றுவான் என்பதை அந்தப் பாகம் தெரிந்து வைத்திருக்கிறது. நான்காம் பாகத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சண்டைக்குப் போகிற இடத்தில் தேத்தண்ணீர் விருந்தும், பூச்செண்டும், சமையல் போட்டியும். எதிரி சிரித்துக்கொண்டே வந்து அடிப்பான்.

இப்போது நீ ஆடுகிற ஐந்தாம் பாகத்துக்கு வருகிறேன். இதில் ஒரு மணல் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். ஆள் செத்துவிட்டால் அதைத் திருப்பிக் கவிழ்த்தால் போதும், சாவதற்கு முன்னால் இருந்த இடத்துக்கே எல்லோரும் போய்விடுவார்கள். ஆட்டம் தொடங்கும்போதே ஒரு கேள்வியும் கேட்கிறது, செத்தவர்கள் அடுத்த சண்டையில் திரும்பி வர வேண்டுமா வேண்டாமா என்று. நீ வேண்டாம் என்று அழுத்தினாய். கடிகாரத்தையும் தொடுவதில்லை. உன் கூட்டாளிகள் வந்தால், "நான் பழைய மொறையிலதாம்ல ஆடுவேன், செத்தா செத்தாம்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறாய். ஆனால் அவர்கள் இல்லாதபோது நடப்பது எனக்குத் தெரியும். ஒருவன் செத்து விழுந்தால் உடனே மெஷினையே அணைத்துப் போடுகிறாய். பிறகு போட்டு, முன்னால் சேவ் பண்ணி வைத்த இடத்திலிருந்து தொடங்குகிறாய். அந்த மணல் கடிகாரமாவது யோக்கியமானது, இத்தனை தடவைதான் கவிழ்க்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. உனக்கு அந்த வரம்பும் இல்லை. எட்டாம் வகுப்பில் விரலை வைத்துப் பின்னால் எண்ணினவன் இப்போது எண்ணுவதே இல்லை. அனுப்பிப் பார்க்கலாம், செத்தால் அணைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

இந்தப் பாகத்தில் சிப்பாய்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். நீ வீட்டுப் பெயர்களை வைத்தாய். எனக்குக் கோட்டைக் காவல்காரி வேலை. நகரமாட்டேன், அடித்தால் தாங்குவேன். சரியாகத்தான் வைத்திருக்கிறாய். ஜெனிக்குக் குதிரை கொடுத்திருக்கிறாய், காயத்துக்கு மருந்து போடுகிற வேலை. நீ தளபதி, கடைசி வரிசையில் நிற்பவன். ரீகனைத்தான் ஓட்டக்காரன் ஆக்கினாய். எல்லோரையும்விட வேகமாக ஓடுவான், ஒரு அடிக்கு மேல் தாங்கமாட்டான். அவனை முன்னால் தனியாகக் கொண்டுபோய் நிறுத்துவாய். சிவப்பு ஆட்கள் எல்லாம் அவனைப் பார்த்து ஓடி வருவார்கள், நீ பின்னாலிருந்து அவர்களைச் சுற்றி வளைப்பாய். தூண்டிலில் இரை கோர்ப்பது நமக்குத் தெரியாத வேலையா? அதுதான் அது. சில நேரம் தப்பித்து வந்துவிடுவான். பல நேரம் வரமாட்டான். ஒரு நாள் ஜெனி தேத்தண்ணீர் டம்ளரோடு வந்து நின்று பார்த்தாள்.

"இது நம்ம ரீகனா? நல்லாத்தான் ஓடுதான். என் தம்பியப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க."

"ஒந் தம்பி இல்லன்னா இந்தப் படையே இல்ல ஏளா."

அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அவள் போன பிறகு அந்தச் சண்டையில் ரீகன் செத்தான். நீ மெஷினை அணைத்தாய். அவள் டம்ளரை எடுக்கத் திரும்பி வந்தபோது அவன் மறுபடியும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டிகளை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லுகிற வேலையை நீ விட்டாய், விட்டது உன் இஷ்டம். உன் அப்பா பார்த்த தொழில்தான், சொந்த வள்ளம் என்று சொன்னபோது நான் தடுக்கவில்லை. போன வாரம் வாடகைக்கு ஒரு எஞ்சினை ஏற்றிக்கொண்டு ஒத்திகை பார்க்கப் போனீர்கள். போகிற முந்தின நாள் நடு வீட்டில் தரையில் சாக்பீஸால் கடலைக் கட்டம் கட்டமாக வரைந்தாய். ஒரு கட்டத்தில் வள்ளத்தைப் போட்டாய், வள்ளத்தில் உன்னைப் போட்டாய், இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றை இழுத்தால் மேலே தூக்குகிற ஆளாக. தள்ளி, வெளிப்பார் இருக்கிற கடைசிக் கட்டத்தில் ரீகன் பெயரை எழுதினாய். கடலுக்கடியில் பாறை படர்ந்து கிடக்கிற அந்த வெளிப்பாரில்தான் உன் அப்பா செத்துக் கிடந்தார் என்று உனக்கு நன்றாகத் தெரியும். "அங்கனதாம்மா பெரிய சங்கு கெடக்கு" என்றாய். அங்கே என்ன கிடக்கிறது என்று எனக்கா சொல்லித் தருகிறாய்?

ஒத்திகை முடிந்து வந்தபோது ரீகன் பின்கட்டு வழியாக வந்தான். வாசல் வழியாக வருகிறவன் அன்றைக்கு ஏன் பின்கட்டு வழியாக வருகிறான்? மூக்குக்குக் கீழே ரத்தம் காய்ந்திருந்தது. ஜெனி பார்த்துவிட்டாள்.

"என்னடா மூக்குல?"

"ஒண்ணுமில்லக்கா. காத்துக் கொழாய் கொஞ்சம் மடங்கிட்டு."

"கொஞ்சம்னா?"

நீ வாசலில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னாய். "ஏளா, அதான் வந்துட்டாம்லா. அடுத்த தடவ சரி பண்ணிருவேன்."

அடுத்த தடவை. அந்தச் சொல்லை நீ டி.வி.க்கு முன்னால் எத்தனை தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மெஷினை அணைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, இதே குரலில், இதே அலட்சியத்தோடு. கடலில் இருந்து வந்த மனிதன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகு என் கையிலிருந்து கீழே விழுந்தது. காற்று என்று நீ நினைத்திருப்பாய்.

நீ குளிக்கப் போன நேரத்தில் ரீகனுக்குச் சோறு போட்டேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"எய்யா, இடுப்புக் கயித்த இழுத்தியா இல்லியா?"

"இழுத்தேன் அத்த."

"எத்தன தடவ?"

"இழுத்துக்கிட்டேதான் இருந்தேன். மேல ஒரு அசவும் இல்ல. பொறவு கொழாயத் துப்பிட்டு நானே ஏறிட்டேன்."

"ஒன் அத்தான் என்ன செஞ்சான்?"

"அத்தான் கயித்த வள்ளத்துக் கட்டையில கட்டி வச்சிருந்தாவ. இழுத்தா கட்ட ஆடும்லா, தெரியும்னு இருந்துருக்காவ. எஞ்சின் ஆட்டத்துல தெரியல. அக்காட்ட சொல்லிராதிய அத்த, அழுவா."

"இனியும் போவியா?"

"அத்தான் நல்லா பிளான் போடுவாவ. அடுத்த தடவ சரியாயிரும்."

அவனுக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. சொல்லமாட்டேன் என்று அவனுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினேன். தலையாட்டியதெல்லாம் சத்தியமாகாது. ஜெனி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், உன் தம்பி குழாயைத் துப்பிவிட்டு வெறும் மூச்சில் வெளிப்பாரிலிருந்து ஏறி வந்தான் என்று தெரிந்துகொள்.

அமல், கயிற்றைக் கட்டையில் கட்டி வைக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். உன் அப்பாவின் கயிற்றை அன்றைக்குப் பிடித்திருந்தது உன் சித்தப்பா. கரைக்கு வந்து என் முன்னால் நின்று அவன் சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன். "கயித்தக் கட்டையில கட்டி வச்சிருந்தேன் மைனி. அசஞ்சா தெரியும்னு இருந்தேன். அசயவே இல்ல." அதைச் சொல்லும்போது அவன் வாயில் பீடி வாடை அடித்தது. பீடி பற்ற வைக்க இரண்டு கை வேண்டும். துஷ்டி வீட்டில் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், அவன் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "அதச் சும்மா போட்டா மரம் வெடிச்சிரும் மைனி, நான் ஓட்டுதேன்" என்றான். ஓட்டினான். அதில் உனக்கும் தொழில் சொல்லிக் கொடுத்தான். நீ அவனைத் தெய்வமாக வைத்திருக்கிறாய். நான் இன்று வரைக்கும் அவனோடு பேசவில்லை, அவன் மகள் கல்யாணத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இன்னும் எத்தன காலத்துக்கும்மா மனசுல வச்சிருப்ப?" என்று கேட்கிறாய். கண்ணை மூடும் வரைக்கும். அதற்குப் பிறகும் மூலையில் சுவரைப் பார்த்து ஒருவன் நின்றுகொண்டிருப்பான்.

உன் சித்தப்பா கெட்டவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அண்ணனைக் கொல்ல வேண்டும் என்று அவன் நினைத்திருக்கமாட்டான். அவன் கையில் அந்தக் கயிறு இருந்திருக்கவே கூடாது என்றுதான் சொல்கிறேன். முத்துக் குளித்த காலத்திலேயே நம் ஆட்கள் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் பிடிப்பான். அண்ணன் தம்பி பிடிக்கமாட்டான், அப்பன்கூடப் பிடிக்கமாட்டான். ஏன்? கயிற்றை விட்டால் தாலியறுப்பது தன் அக்காளோ தங்கையோ என்கிற நினைப்பு அவன் உள்ளங்கையில் இருக்கும். அவள் வெள்ளைச் சேலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்குத்தான் வந்து நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் அவன் கொட்டாவிகூட விடமாட்டான். தம்பிக்கு அப்படியில்லை. அண்ணன் போனால் அழுவான், அழுது முடித்த பிறகு வள்ளம் இருக்கும். உன் அப்பாவின் கயிற்றை அதுவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தவன் என் தம்பி, உன் மாமன். உன் ஞானஸ்நான விருந்தில் அப்பா அவனை எல்லோர் முன்னாலும், "கயிறு பிடிக்கிற பயலுக்கு முன்பந்தி எதுக்கு" என்று கேட்டுவிட்டார். அவன் இலையை மூடிவிட்டு எழுந்து போனான், பிறகு வள்ளத்தில் ஏறவே இல்லை. கயிறு கை மாறியது. அவ்வளவுதான் நடந்தது. உன் மாமனை நான் மன்னித்தேனா என்று கேட்காதே. அவன் கொண்டுவந்து கொடுத்த மெஷினை நீ ஆட விட்டேன், அதற்கு மேல் எனக்கு மனசு வரவில்லை.

இப்போது உன் வள்ளத்தைப் பார். முறை தலைகீழாக இருக்கிறது. இறங்குகிறவன் பெண்டாட்டியின் தம்பி, கயிறு பிடிக்கிறவன் அக்காள் புருஷன். ஊரில் யாரும் கவனிக்கவில்லை, மச்சினன்மார் இரண்டு பேரும் ஒன்றாகப் போகிறார்கள், நல்ல பொருத்தம் என்கிறார்கள். பொருத்தம்தான், ஆள்தான் இடம் மாறி நிற்கிறான். ரீகன் போய்விட்டால் உனக்கு என்ன குறையும், சொல். ஜெனி அழுவாள், நீயும் அழுவாய், உண்மையாகவே அழுவாய், எனக்குத் தெரியும். ஆனால் உன் அடுப்பு எரியும், உன் பிள்ளைகளுக்கு அப்பன் இருப்பான், வேறொரு ஓட்டக்காரன் வெளிப்பாருக்குக் கிடைப்பான். நீ மனசறிந்து இதை நினைக்கிறாய் என்று சொல்லவில்லை. கை நினைக்கும் என்கிறேன். நீ மறந்திருக்கிற நேரத்தில் உன் கை கயிற்றைக் கட்டையில் கட்டும். அவன் கல்யாணமாகாதவன். அவன் கயிற்றைப் பிடிப்பதற்கென்று பெண்டாட்டியோடு பிறந்தவன் ஒருவன் இன்னும் அவனுக்கு வாய்க்கவில்லை. அப்படிப்பட்டவனை நம் ஆட்கள் கடலில் இறக்கியதே இல்லை.

ஆகவே நான் சொல்வதைக் கேள். திங்கட்கிழமை நீ இறங்கு. ரீகன் கயிறு பிடிக்கட்டும். உனக்குச் சங்கு குளிக்கத் தெரியும், அந்தச் சித்தப்பன்தானே சொல்லிக் கொடுத்தான். வயசு நாற்பது நெருங்கிவிட்டது, முன்போல மூச்சு நிற்காது என்பாய். அப்படியென்றால் உன் மூச்சு நிற்கிற ஆழம் வரைக்கும் போ, சின்னச் சங்கு போதும். அதுவும் முடியாது என்றால் வள்ளம் கரையிலேயே கிடந்து மரம் வெடிக்கட்டும். புருஷனை வெளிப்பாரில் கொடுத்தவள் பெற்ற பிள்ளையையும் இறங்கச் சொல்கிறாளே என்று ஊர் பேசும். பேசட்டும். நீ கீழே இருக்கும்போது மேலே ரீகன் இருப்பான். அவன் அக்காள் வெள்ளைச் சேலையோடு அவன் கண்ணுக்கு முன்னாலேயே நிற்பாள். அவன் கயிற்றைக் கட்டமாட்டான். அந்த நம்பிக்கையோடு என்னால் கரையில் உட்கார்ந்திருக்க முடியும். நீ மேலே இருந்து அவன் கீழே இருந்தால் என்னால் உட்கார முடியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ போன மறுநாள் மத்தியானம் மெஷினைப் போட்டேன். ஆற்றங்கரைச் சண்டையில் விட்டுவிட்டுப் போயிருந்தாய், பனிமூட்டம் மூடி எதிரி எங்கே இருக்கிறான் என்றே தெரியாத சண்டை. நான் என் இஷ்டத்துக்கு ஆடவில்லை. நீ ஆடுகிற மாதிரியே ஆடினேன். தளபதியைக் கடைசி வரிசையில் வைத்தேன். ஜெனியைக் குதிரையோடு மரத்தடியில் வைத்தேன். ரீகனைப் பனிக்குள் தனியாக அனுப்பினேன். சிவப்பு ஆட்கள் மூன்று பக்கமிருந்தும் வந்தார்கள். முதல் அடியைத் தப்பித்துவிட்டான், இரண்டாவதிலும் தப்பித்துவிட்டான். மூன்றாவதில் விழுந்தான்.

சாகும்போது அவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? முகம் பெரிதாக வந்து, கீழே எழுத்து ஒவ்வொன்றாக ஓடி வருகிறது. நீ அதை ஒரு நாளும் முடிய விட்டதில்லை, முதல் சொல் வரும்போதே அணைத்துவிடுவாய். நான் முடிய விட்டேன். ரீகன் என்னமோ சொன்னான். இங்கிலீஷில் சொன்னான், எனக்குப் புரியவில்லை. உன் அப்பா அந்தக் கயிற்றை இழுத்து இழுத்துக் கீழேயிருந்து சொன்னதும் மேலே யாருக்கும் புரியவில்லை. சண்டையை மற்றவர்களை வைத்து முடித்தேன், ஜெயித்துத்தான் முடித்தேன். சேவ் பண்ணட்டுமா என்று கேட்டது. மேலே இருப்பது ஆம், கீழே இருப்பது இல்லை, நீதான் சொல்லிக் கொடுத்தாய். மேலே அழுத்தினேன். நீ பழையதை ஒளித்து வைத்திருக்கிற இடங்கள் இருக்கிறதே, அவை எல்லாவற்றின் மேலேயும் அதையே சேவ் பண்ணினேன். ஒன்றைக்கூட விடவில்லை. இனி நீ அணைத்துப் போட்டாலும், மெஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் அவன் வரமாட்டான்.

இந்தக் கடிதத்தை டி.வி.க்கு முன்னால் வைக்கப் போகிறேன், பொத்தான் பெட்டியை அதன் மேல் பாரமாக வைத்து. சனிக்கிழமை நீ வாசலில் எஞ்சினை இறக்கி வைப்பதற்குள் ஜெனி இதைப் படித்து முடித்திருப்பாள். மெஷினைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அடுத்த சண்டைக்கு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நீ நிற்பாய், நான் கோட்டை வாசலில் நிற்பேன், அவள் குதிரையில் இருப்பாள். அவளுக்கு அந்த விளையாட்டு தெரியாது. "என் தம்பி எந்தக் கட்டத்துல நின்னான்?" என்று உன்னைத்தான் கேட்பாள். விரலை வைத்து நீதான் காட்ட வேண்டும்.

உன் அம்மா.